ஓரகத்தியின் புது லேப்டாப்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் எதன் மேல் பொறாமை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், ஓரகத்திக்கு வந்த புது லேப்டாப்பைப் பார்த்து வயிறெரிந்தவள் என்று என்னைப் பற்றி முடிவு கட்டிவிடுவீர்கள். லேப்டாப் கடையில் கிடைக்கும். எனக்கு வயிறெரிந்தது அதைக் கொண்டு வந்து கொடுத்த மனிதரைப் பார்த்துத்தான். அவர் அவளுடைய அப்பா.

ஸ்ரீரங்கத்தில் எங்களுடையது மாடி வைத்த வீடு. மேலே நானும் என் கணவரும். கீழே மாமியாரும், கொழுந்தனாரும், கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு வந்த என் ஓரகத்தியும். அவள் பிறந்த வீடு திருவெறும்பூர். அவள் அப்பா அங்கே பெரிய தொழிற்சாலையில் லேத் மிஷினில் நிற்பவர். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்துவிடுவார். ஒரு வாரம் மாம்பழம், ஒரு வாரம் மிக்சிக்கு புது ஜார், ஒரு வாரம் ஒன்றுமே இல்லாமல் சும்மா வந்து உட்கார்ந்து, மகள் போட்ட காபியில் சர்க்கரை அதிகம் என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் பைக் சத்தம் தெரு முனையில் கேட்கும்போதே எனக்கு அடிவயிற்றில் பற்றிக்கொள்ளும். துணி காயப் போடுகிற சாக்கில் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். பார்க்காமல் இருக்கவும் முடியாது.

எனக்கும் அப்பா இருக்கிறார். பச்சைமலை அடிவாரத்தில் கொஞ்சம் மானாவாரிக் காடு, இரண்டு மாடு, மரவள்ளி. அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். அப்பா இந்த வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவை. கல்யாணம் முடிந்து என்னைக் கொண்டு வந்து விடும்போது, வாடகை வேனில் சீர்ச் சாமான்களோடு வந்தார். அந்தச் சாமான்களைக் கூடத்தில் பரப்பி வைத்தபோது என் மாமியார் பக்கத்து வீட்டம்மாளிடம், "பாவம், அவரால முடிஞ்சது" என்றார். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். அது அப்பா காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கமே வரவில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கை நிறைகிற வருஷம் போகலாம் என்று அவர் இருக்க, அந்த வருஷம் வரவே இல்லை. நான்தான் பொங்கலுக்கும் நோன்புக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். போனில் கூப்பிட்டால் "சாப்டியாம்மா?" என்பார். "சாப்பிட்டேம்ப்பா" என்பேன். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது.

இந்த நிலைமையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப் வந்தது. ஓரகத்திக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று கிடைத்திருந்தது. அடுத்த வியாழக்கிழமை பயிற்சி தொடங்க வேண்டும். மகளுக்கு வேலை என்றதும் அப்பா போய் வாங்கி வந்துவிட்டார். பெட்டியைப் பிரித்ததும் வெள்ளி நிறத்தில் மெலிதாக ஒரு பொருள் வெளியே வந்தது. மேலே என் மேஜையில் இருப்பது, என் கணவர் யாரிடமிருந்தோ வாங்கிக் கொடுத்த பழைய லேப்டாப். அதில் 'எல்' கீ விழுந்து வருஷமாகிறது. உள்ளே இருக்கிற ரப்பர் குமிழை அழுத்தித்தான் இரண்டு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போதாதா?

அவர் தோள்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். பன்னீரில் குழைத்த சந்தனம்.

"அப்பா, இதுக்கெல்லாமா பொட்டு?" என்றாள் ஓரகத்தி.

"மிஷினுன்னா பொட்டு வைக்காம ஓட்டக் கூடாதும்மா. ஆயுத பூஜைக்கு என் லேத்துக்கு வைக்கிறேன்ல? அது இத்தன வருஷத்துல ஒரு நாள் மக்கர் பண்ணிருக்கா?"

லேத்துக்கு வைக்கிற அளவிலேயே வைத்தார். மூடி மேல் ஒன்று, திறந்து உள்ளே நாலு மூலைக்கும் ஒன்று, ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நல்ல தாராளமாக ஒன்று, டச்பேடின் ஓரத்தில் ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். பிறகு அதே விரலால் மகளின் நெற்றியிலும் ஒரு கீற்று இழுத்துவிட்டார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு காட்டினாள். மாடிப்படியில் நின்ற நான் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தனம் எங்கே வழிகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்க்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

அன்று சாயங்காலமே ஓரகத்தி கீபோர்டுக்கும் டச்பேடுக்கும் சேர்த்து மேலே பிளாஸ்டிக் கவர் ஒன்றைப் போட்டுவிட்டாள். தூசிக்காக என்றாள். அப்பா வைத்த பொட்டு அழிந்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம். எங்கள் வீட்டில் எந்தப் புதுச் சாமானுக்கும் கவர் கழற்றுகிற பழக்கம் கிடையாது. மாமியாரின் டிவி ரிமோட் இன்னும் அது வந்த உறைக்குள்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் கீழேயிருந்து, "அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று குரல் வந்தது.

இந்த வீட்டில் கம்ப்யூட்டர் என்றால் நான். கரண்ட் பில் கட்டுவது, ரயில் டிக்கெட் போடுவது, மாமியாரின் போனில் வந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது எல்லாம் என் வேலை. அந்தப் பெருமை ஒன்றுதான் எனக்கு இங்கே இருக்கிற சொத்து. இறங்கிப் போனேன். பாஸ்வேர்டு கேட்கிற கட்டத்தில் யாரும் தொடாமலே புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று எல்லாப் புள்ளியும் அழிந்தது. அம்புக்குறி திரையின் மூலைக்குப் பாய்ந்து அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது. டச்பேடில் விரலை வைத்தால் எதிர்ப்பக்கம் ஓடியது.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. வாங்கின மூன்றாம் நாளே படுத்துவிட்டதா, நல்லா வேணும் என்று ஒரு நினைப்பு ஓடியது. முகத்தை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டேன்.

மாமியார் சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "கண்ணு பட்டிருக்கு. அதான் வேற ஒண்ணுமில்ல" என்றார். யார் கண் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டம்மாள், எதிர் வீட்டம்மாள், பால்காரர் என்று அன்று லேப்டாப்பைப் பார்த்தவர்கள் நிறையப் பேர்தான். ஆனால் எனக்குச் சந்தேகமே இல்லை, அது என் கண்தான். மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து லேப்டாப்பை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடியில் நாங்கள் மூன்று பேரும் இருமினோம். அந்தச் சனியன் மட்டும் இருமாமல் அது பாட்டுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தது.

நான் எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். அணைத்துப் போட்டேன். ஸ்விட்சை அழுத்திப் பிடித்து முழுக்க அணைத்து, ஒரு காபி குடித்துவிட்டு வந்து போட்டேன். மேலேயிருந்து என் மவுசையும், ஒயர் வைத்த பழைய கீபோர்டையும் கொண்டு வந்து சொருகினேன். அதில் அடித்தால் எழுத்து விழுந்தது, ஆனால் அடிக்க அடிக்கப் பின்னாலேயே யாரோ அழித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு வழியாக உள்ளே நுழைந்து, டச்பேடை செட்டிங்சில் அணைத்ததும் அம்புக்குறி அடங்கியது. மறுபடி போட்டதும் ஆட்டம் தொடங்கியது. டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். இன்டர்நெட்டில் யார் யாரோ சொன்ன அப்டேட்டை எல்லாம் ஏற்றினேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. என் கடைக் கணக்கு அப்படியே கிடந்தது.

"கவரை எடுத்துட்டுப் பாக்கட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வேணாங்க்கா, ஒட்டிக்கிட்டிருக்கு. அப்பா வச்ச பொட்டு வேற உரிஞ்சு வந்துடும்" என்றாள்.

அப்பா வச்ச பொட்டு. சரிதான், வைத்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக, சிஸ்டம் ஏறுவதற்கு முன்னால் வருகிற செட்டப் திரைக்குள் போய்ப் பார்த்தேன். அங்கேயும் எதையும் தொடாமலே வரி வரியாக மேலே ஏறி ஓடியது. அப்படியானால் சாப்ட்வேர் இல்லை, கீபோர்டிலேயே கோளாறு. "இது என்னால ஆகாது. கடைக்குத்தான் போகணும்" என்றேன். ஓரகத்தியின் கண் கலங்கிவிட்டது. வியாழக்கிழமை காலையில் அவள் பயிற்சிக்கு உட்கார வேண்டும். அவசரத்துக்கு என் லேப்டாப்பைத் தருகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதற்குள் அவள் போனை எடுத்து, "அப்பா" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அதைத்தான் சொல்கிறேன். ஒரு கீ வேலை செய்யவில்லை என்றால் "அப்பா" என்று கூப்பிட முடிகிறது அவளால்.

மறுநாள் மூன்றரை மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்த கையோடு, யூனிபார்ம் சட்டையை மாற்றாமல் அவர் வந்து நின்றார். காலர் ஓரத்தில் எண்ணெய்க் கறை. வெயிலில் வந்த முகம் கறுத்திருந்தது. மகளைத் தலையில் தட்டி, "இதுக்குப் போய் அழுவாங்களா?" என்றார். மாமியார், "வாங்க சம்பந்தி" என்று மோர் கொண்டு வந்து கொடுத்தார். என்னைப் பார்த்து, "நீங்க நேத்தெல்லாம் இதோடயே மல்லுக்கு நின்னீங்களாமேம்மா. ரொம்ப நன்றிங்க" என்றார். நல்ல மனிதர். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்டவராக இருந்தாலாவது திட்டிவிட்டுத் தூங்கலாம்.

அவர் கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கடைக்காரப் பையன், "தண்ணி கிண்ணி பட்டிருந்தா வாரண்டி வராதுங்க சார். கொண்டாங்க, பாத்துட்டுச் சொல்றோம்" என்றான்.

"தண்ணியா? ஒரு சொட்டு படலப்பா. எம்பொண்ணு கண்ணு மாதிரி வச்சிருக்கா" என்று சொல்லிக்கொண்டே, யாரோ நேரில் நின்று பார்ப்பது போல அந்தக் கவரை ஒரு பக்கமாகப் பிடித்து உரித்தார்.

சந்தன வாசனை வந்தது. பூஜை அறையில் வருகிற வாசனை இல்லை, மூடிய டப்பாவைத் திறந்தால் வருகிற ஈர வாசனை. காற்றுப் படாமல் பன்னீர் உள்ளேயே நின்றிருந்தது. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் வைத்த பொட்டு வழிந்து, கீழே இருந்த அழிக்கிற கீயின் இடுக்கிலும் பக்கத்துக் கீக்களின் இடுக்கிலும் கூழாக இறங்கியிருந்தது. டச்பேட் ஓரத்துப் பொட்டில் குங்குமம் மட்டும் காய்ந்திருந்தது, அடியில் சந்தனம் கொழகொழவென்று இருந்தது. விரல் வைத்து அழுத்திக்கொண்டிருப்பதாக டச்பேட் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அது எப்படிச் சும்மா இருக்கும்?

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. என் கண் இல்லை. அவர் விரல்.

அவர் போனை வைக்கும் வரை காத்திருந்தேன். தனியாகக் கூப்பிட்டு ஓரகத்தியிடம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். நானே துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டும் இருந்திருக்கலாம். எனக்கு அவர் முகம் விழுவதைப் பார்க்க வேண்டியிருந்தது. மாமியாரும் கூடத்தில் இருக்கும்போதே சொன்னேன்.

"மாமா, இது கடைக்காரங்க தப்பு இல்ல. நீங்க வச்ச பொட்டுதான். சந்தனம் கீ உள்ள எறங்கிருக்கு பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் விழுந்தது. நான் நினைத்ததைவிட அதிகமாகவே விழுந்தது. மாமியார் கூட, "நல்லதுக்குத்தானே வச்சாரு" என்று இழுத்தார்.

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. நியாயமாக அந்த இடத்தில் என் வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஓரகத்தி இருக்கிறாளே, அவள் பிடித்துக்கொண்டாள் அவரை.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லியா? இதுக்கெல்லாமா பொட்டுன்னு கேட்டேனா? நீங்க யாரு பேச்சக் கேட்டீங்க? எல்லாம் உங்க லேத்து மாதிரியே இருக்குமா? நாளைக்கு நான் எதுல உக்காருவேன்? அம்மா சொல்றது சரிதான், உங்க கைய வச்சுக்கிட்டு சும்மாவே இருக்க மாட்டீங்க நீங்க."

மூச்சு விடாமல் திட்டினாள். பெற்ற அப்பாவை, எங்கள் எல்லார் முன்னாலும். மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அவரோ கோபப்படவே இல்லை. "சரி விடு, சரி விடு" என்று சொல்லிக்கொண்டே யூனிபார்ம் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனார். "ஐயோ, தேய்க்காதீங்கப்பா, இன்னும் உள்ள போயிடும்" என்று கையைத் தட்டிவிட்டாள். அவர் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உர்ரென்று வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

அதைப் பார்த்ததும் நேற்று வரை இருந்த பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது எனக்கு. மாம்பழத்துக்கும் லேப்டாப்புக்கும் எரிந்தது ஒரு எரிச்சலா? அவள் திட்டுகிறாளே. நாளைக்கும் வருவார், அடுத்த ஞாயிறும் வருவார் என்ற தைரியத்தில் திட்டுகிறாள். நான் என் அப்பாவை ஒரு வார்த்தை கடிந்து பேசி எத்தனை வருஷமாகிறது? போனில் இரண்டு நிமிஷம் கிடைக்கிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? கிடைக்கிற இரண்டு நிமிஷத்தையும் கெடுத்துக்கொள்ளக் கூடாதே என்று சாப்பிட்டேன், நல்லா இருக்கேன் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் மரத்துப்போய்விட்டது.

வேலை என்று பார்த்தால் அரை மணி நேரத்து வேலைதான். அணைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தோம். நான் மேலேயிருந்து கொரோனா காலத்துச் சானிடைசர் பாட்டிலையும், காது குடைகிற பஞ்சுக் குச்சியையும் கொண்டு வந்தேன். அவர் பைக் பெட்டியிலிருந்து மெல்லிசான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து வந்தார். அழிக்கிற கீயை நான் பயந்து பயந்து நெம்ப, அவர் விளக்குப் பிடித்தார். கீ கழன்று வந்ததும் அடியிலும் பக்கத்துக் கீக்களின் இடுக்கிலும் இருந்த சந்தனத்தைப் பஞ்சில் ஒற்றி ஒற்றி எடுத்தேன். டச்பேடை ஈரம் போகத் துடைத்தேன். மாமியார் அரிசிப் பானைக்குள் வைக்கச் சொன்னார். ஈரம் இழுக்குமாம். ஒரு அரிசி உள்ளே போனால் அதற்கும் நான்தான் தோண்ட வேண்டும் என்று சொல்லி, ஃபேனுக்கு அடியில் வைத்தோம்.

மறுபடி போட்டபோது புள்ளி ஓடவில்லை. அம்புக்குறி விரல் போன பக்கம் போனது. அழிக்கிற கீ மட்டும் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது, அழுத்தினால் மெதுவாக எழுந்து வந்தது. "போதுங்க்கா, இது போதும்" என்று ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பா கிளம்பும்போது மூடி மேல் இருந்த பொட்டைக் காட்டி, "இது இருக்கலாமாம்மா?" என்று என்னிடம் கேட்டார். இருக்கலாம் மாமா, அங்கே ஒன்றும் ஆகாது என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பைக் சத்தம் தெருவைத் தாண்டியதும் நான் மொட்டை மாடிக்குப் போனேன். வெயில் தாழ்ந்திருந்தது. அந்த நேரத்தில் அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு டவர் கிடைக்கிற மேட்டுக்கு வந்திருப்பார். போன் போட்டேன்.

"சாப்டியாம்மா?"

"சாப்பிட்டேனா இல்லியான்னு வந்து பாக்க வேண்டியதுதானே?" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா, அங்க யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நான்தான் சொல்றேன். இவ அப்பா வாரா வாரம் வராரு. எனக்கு வயிறு எரியுதுப்பா. நீங்க ஏன் வரவே மாட்டேங்கறீங்க?"

"அவரு கம்பெனில இருக்கவரும்மா. நான் கையில ஒண்ணும் இல்லாம…"

"நான் கேட்டனா? ஏதாவது கொண்டாங்கன்னு என்னைக்காவது உங்களக் கேட்டனா? கிழங்கும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அன்னைக்கு அத்தை ஏதோ சொன்னாங்கன்னு இத்தன வருஷமா வீம்பு பிடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க. அவங்களுக்கு அது ஞாபகமே இல்லப்பா. சும்மா வாங்க. வந்து உக்காந்து நான் போடற காபியக் குடிங்க. உங்கள எனக்கு நேர்ல வச்சுத் திட்டணும்."

என் குரல் பக்கத்து மாடி வரை கேட்டிருக்கும். கேட்கட்டும். அந்தப் பக்கம் மாட்டின் கழுத்து மணி மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டாரோ என்று பயந்து போய், "அப்பா" என்றேன்.

"இருக்கேம்மா" என்றார். "ஏம்மா, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எறங்குனா உன் வீட்டுக்கு எப்பிடி வரணும்? அன்னைக்கு வேன்ல வந்தமா, எனக்கு வழி தெரியல. சாமான் எதுவும் விழுந்துடக் கூடாதேன்னு அதையே புடிச்சுக்கிட்டு வந்தேன், ரோட்டப் பாக்கல."